மணப்பாட்டில் கெட்டுப்போகாத ரேடியோ

புதிதாக ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். என் சாதனைகளைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து மிதப்பாகவே பேனாவை எடுத்தேன். இரண்டு நாள் யோசித்தும் சாதனை என்று அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. சொதப்பியது மட்டும் ஏராளமாக நினைவுக்கு வந்தது. அதில் ஒன்று என் முனைவர் பட்டத்தையே கவிழ்க்கப் பார்த்தது. அதை எழுதுகிறேன். சூத்திரங்களும் படங்களும் இதில் வராது. அவை நூலகத்தில் என் ஆய்வேட்டுக்குள் தூசி படிந்து கிடக்கின்றன. இதுவரை யாரும் எடுத்துப் புரட்டியதாகத் தகவல் இல்லை.

நீங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற ரேடியோ, நான் சொல்லும் காலத்தில் ஒரு சின்னத் தகரப் பெட்டி அளவுக்கு மரப்பெட்டியாக இருந்தது. உள்ளே கண்ணாடி வால்வுகள். மின்சாரம் வராத ஊர்களில், செங்கல்லைவிடக் கனமான பாட்டரி ஒன்றைப் பின்னால் இணைத்துக் கேட்பார்கள். கடலோரத்தில் இந்தப் பெட்டிகள் ஒரு மழைக்காலம் தாண்டுவதே பெரிய காரியம். முதலில் குரல் கரகரக்கும், பிறகு தேயும், ஒரு நாள் பேச்சு மூச்சு இருக்காது. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் "உப்புக் காத்து" என்று சொல்லி முடித்துவிடுவார். அந்த உப்புக் காற்று உள்ளே போய் எதை, எத்தனை நாளில், எப்படிக் கெடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. எனக்கு இருபத்துநாலு வயது. சென்னையில் ஒரு பேராசிரியரிடம் பதிவு செய்திருந்தேன். சொந்த ஊர் நாசரேத்து. கடலோரம் பக்கம் என்பதால், ஆராய்ச்சி என்ற பெயரில் வீட்டுச் சாப்பாடு கிடைத்தது.

ஒரே மாதத்தில் ஒரே இடத்தில் செய்த ஆறு பாட்டரி ரேடியோக்களைப் பேராசிரியர் எப்படியோ வாங்கிக் கொடுத்துவிட்டார். தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கம் இரண்டு வீடுகளிலும், காயல்பட்டினத்தில் இரண்டு வீடுகளிலும், மணப்பாட்டில் ஒரு வீட்டிலும் வைத்தேன். கடல் காற்று எட்டாத இடத்தில் ஒன்று வேண்டும் என்பதால் ஆறாவதை நாசரேத்தில் எங்கள் வீட்டிலேயே வைத்தேன். எல்லா வீட்டுக்கும் ஒரே விதி. ரேடியோ கடல் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னல் ஓரம் மேஜைமேல்தான் இருக்க வேண்டும். அடுப்போ விளக்கோ பக்கத்தில் வரக் கூடாது, ஏனென்றால் உள்ளே மெழுகு பூசிய பாகங்கள் இருக்கின்றன. தினமும் இரண்டு மணி நேரம்தான் கேட்கலாம். எப்படிக் கேட்டது என்று நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். இந்த விதியை நான் என் அப்பாவுக்குக்கூடத் தளர்த்தவில்லை. பாட்டின் நடுவிலேயே நேரமாகிவிட்டது என்று திருகி அணைப்பேன். ஆறாம் மாதம் அப்பா என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

மாதாமாதம் முதல் சனிக்கிழமையும் அதற்கடுத்த நாட்களும் எனக்குச் சுற்றுப் பயணம். கரிப்புகையில் ஓடும் பஸ், கையால் சுற்றும் மெக்கர், ஒரு டிபன் தூக்கு. மெக்கரைச் சுற்றினால் மின்சாரம் எவ்வளவு கசிகிறது என்று முள் காட்டும். ஈரம் ஏற ஏறக் கசிவும் ஏறும். அவ்வளவுதான் தொழில்நுட்பம், பயப்படாதீர்கள்.

காயல்பட்டினத்தில் ஒரு வீட்டுக்காரப் பெண்ணை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அங்கே அதுதான் சொல். முதல் மாதம் அவர் நோட்டை வாங்கிப் பார்த்து விழித்தேன். முழுக்க அரபு எழுத்து. அந்த ஊர்ப் பெண்கள் பலர் தமிழையே அரபு எழுத்தில் எழுதப் பழகியவர்கள். எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. அதனால் ஒவ்வொரு மாதமும் லாத்தா வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. வாசிக்கும்போதே எழுதாத சங்கதிகளும் வந்து விழும். அன்றைக்குச் சாரல் அடித்தது, பெட்டியைக் கட்டிலடியில் தள்ளி வைத்தோம் என்பார். விருந்தாள் வந்திருந்தார்கள், நாலு மணி நேரம் ஓடிவிட்டது என்பார். இரண்டு தம்ளர் தேநீரும் ஒரு கிண்ணம் வட்டிலப்பமும் முடிந்தால்தான் வாசிப்பு முடியும். அரை நாள் போய்விட்டதே என்று நான் உள்ளுக்குள் சலித்துக்கொள்வேன்.

மணப்பாட்டில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே ரேடியோ வைத்திருந்தவர் இன்னாசியம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பிள்ளைகள் இல்லை. கணவர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணி ஒன்றின் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். இன்னாசியம்மாளின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நோட்டில் நாள் தவறாமல் 'நல்லா கேட்டுது' என்று இருக்கும். படித்த பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு, அதனால் நான் டீச்சரம்மா. பத்து நிமிஷத்தில் அளந்துவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன்.

அங்கே உட்காராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள் கூடத்துச் சுவரில் மாதா சுரூபம், அதாவது சிலை, வைத்த மாடம் இருந்தது. நான் நாசரேத்தில் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவள், எங்களுக்குச் சுரூபம் கிடையாது. கும்பிட்டால் எங்கள் வீட்டில் கேள்வி வரும், கும்பிடாமல் நின்றால் இவர் மனம் நோகும். எதற்கு வம்பு என்று அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்துவிட்டேன். பதின்மூன்று மாதம் அப்படியே போனது.

முதல் மழைக்காலம் முடிந்தபோது தூத்துக்குடிப் பெட்டிகள் இரண்டும் ஊமையாகிவிட்டன. காயல்பட்டினத்துப் பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. கசிவு ஏறிய விதத்தைக் காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், பேராசிரியர் எதிர்பார்த்த வளைவு அப்படியே வந்தது. அவருக்கு அந்த வளைவின்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. கெடுத்தது மணப்பாடுதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊர், ஜன்னலைத் திறந்தால் அலை, ஆனால் பெட்டி எங்கள் நாசரேத்துப் பெட்டியைவிட ஆரோக்கியமாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மற்ற கடலோர வீடுகளில் ஏற்கெனவே ஏறிய முள் அப்படியே நின்ற ஆனி, ஆடி மாதங்களில் இங்கே மட்டும் கசிவு ஏறி, ஆவணியில் தானாகவே இறங்கியிருந்தது. கெட்டுப்போன பொருள் தானாக நல்லதாகுமா?

பேராசிரியருக்கு எழுதினேன். அவர் கோபிக்கிறவர் அல்ல. ஆறில் ஒன்று ஒத்துவரவில்லை என்றால் அந்த வீட்டில் விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்று பொருள், போய் உறுதி செய்துகொண்டு அந்தப் பெட்டியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு, கோடையோடு உன் காலம் முடிகிறது, மீதி ஐந்தை வைத்து ஆய்வேட்டை எழுதிவிடு என்று பதில் போட்டார். நியாயமான கடிதம்தான். அதைப் படித்ததும் எனக்குள் ஒரு போலீஸ்காரி புகுந்துவிட்டாள். சனிக்கிழமை வரை காத்திருக்காமல், மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் மணப்பாட்டில் போய் இறங்கினேன்.

ஜன்னல் ஓரத்து மேஜையில் ரேடியோ இல்லை. அந்த இடத்தில் முறத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இன்னாசியம்மாள் என்னைப் பார்த்ததும் கை இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் கண் போன பக்கம் நானும் திரும்பினேன். சுரூப மாடத்தில் மாதாவுக்குப் பக்கத்தில் ரேடியோ இருந்தது. அதை ஒட்டி, ஒரு சாண்கூட இடைவெளி இல்லாமல், எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கொண்டுவந்த மறுநாளிலிருந்தே என்றார். நான் வருகிற சனிக்கிழமை மட்டும் காலையில் எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிடுவாராம். அந்தக் கரையில் ஆள் கடலில் இருக்கும்வரை மாதா முன்னால் விளக்கு அணையக் கூடாது என்பது எழுதாத சட்டம். தினமும் எண்ணெய் ஊற்றிக் காக்கிற இடம் அது ஒன்றுதான், அதனால் வீட்டில் அருமையான பொருளை அங்கேதான் வைக்கத் தோன்றியது என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். சொன்னவர் குரலில் பயம் இருந்தது. எனக்கு அது கேட்கவில்லை. பதின்மூன்று மாத உழைப்பு தண்ணீரில் போய்விட்டது என்பது மட்டுமே என் காதில் இரைந்துகொண்டிருந்தது. வாய்க்கு வந்தபடி பேசினேன். மாதாமாதம் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள், நோட்டு முழுக்கப் பொய் எழுதியிருக்கிறீர்கள் என்றேன்.

அதுவரை தலை குனிந்திருந்தவர் அப்போது நிமிர்ந்தார்.

"எழுதுனதுல ஒரு எழுத்தும் பொய் இல்ல டீச்சரம்மா. வச்ச எடம்தான் பொய்."

அந்த வாக்கியத்தின் அருமை அன்று எனக்கு விளங்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் கெஞ்சவில்லை. பாட்டரியின் கம்பிகளை அவரே பதமாகக் கழற்றினார். துவைத்த பழைய சேலை ஒன்றை எடுத்துப் பெட்டியைச் சுற்றினார். முடிச்சுப் போடும்போதுதான் கேட்டார்.

"ஆறரைக்குக் கொழும்புல பாட்டு வைப்பான். அவுக அங்கன தொறமுகத்துத் தேத்தண்ணிக் கடையில நின்னு கேப்பாக. நான் இங்கன கேப்பேன். போகையில பேசி வச்சிக்கிட்டது. இன்னைக்கு மட்டும் கேட்டுட்டுத் தாரேனே."

பஸ் போய்விடும் என்று சொன்னேன். பிள்ளைகளே, என் வாழ்நாளில் நான் சொன்ன எத்தனையோ முட்டாள்தனமான வார்த்தைகளை மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை. பாட்டரி கனமாக இருக்கிறது, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வேறு சொல்லிவிட்டு, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் உடனே கிடைத்தது. ஜன்னல் இல்லாத பக்கம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கோபம் வடிய வடிய, அழுகை வருகிற மாதிரி இருந்தது. குலசேகரன்பட்டினத்தில் பஸ்ஸை நிறுத்திக் கரி போட்டுக் கிளற ஆரம்பித்தார்கள். வண்டியின் ஆட்டம் நின்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. என் மடியில் பெட்டியின் ஒரு மூலை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் படவில்லை. மற்ற மூன்று மூலைகளைத் தொட்டுப் பார்த்தேன், அவை சாதாரணமாக இருந்தன. சேலையை விலக்கிப் பார்த்தேன். சூடு, விளக்கு எரிந்த பக்கத்து மூலையில்தான்.

உங்களில் யாரானாலும் அந்த இடத்தில் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அது துண்டு துண்டாகத்தான் வந்தது. வெதுவெதுப்பு இருந்தால் ஈரம் ஒட்டாது. மின்சாரத்தில் ஓடும் ரேடியோ தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். பாட்டரிப் பெட்டிக்கு அந்தச் சூடு கிடையாது, அதனால்தான் அது கடலோரத்தில் முதலில் சாகிறது. இந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு விளக்கு இரவும் பகலும் துணைக்கு இருந்திருக்கிறது. பையிலிருந்து என் குறிப்பேட்டை எடுத்து ஆனி, ஆடிப் பக்கங்களைப் பார்த்தேன். கசிவு ஏறிய அந்த இரண்டு மாதமும் நான் போனபோது முற்றத்தில் ஒருவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். கணவர் வீட்டில் இருந்தார், அதனால் விளக்கு ஓய்ந்திருந்தது, பெட்டி நனைந்தது. ஆவணியில் அவர் புறப்பட்டார், விளக்கு எரிந்தது, பெட்டி உலர்ந்தது. ஓர் ஆண் கடலுக்குப் போவதும் வருவதும் என் மெக்கர் முள்ளில் தெரிந்திருக்கிறது. நான்தான் அதைப் பிழை என்று எழுதி வைத்திருந்தேன்.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பேசாமல் நாசரேத்துக்குப் போகலாம். பேராசிரியர் சொன்னபடி ஐந்து பெட்டிகளை வைத்து அழகான வளைவு வரைந்து கோடையில் பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். யாரும் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். இல்லையென்றால், என் கண் முன்னால் ஓராண்டுக்கு மேல் விதி மீறப்பட்டது எனக்கே தெரியாது என்று எழுதி ஒத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இதை யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும். உண்மை அதுவல்ல. அப்போது மணி நாலேகால் ஆகியிருந்தது. ஆறரைக்கு அந்த அம்மா வெறும் மாடத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பாரே என்ற நினைப்புதான் முதலில் வந்தது. கரி கிளறிக்கொண்டிருந்தவர் கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல் இறங்கிவிட்டேன்.

திரும்பிப் போக அந்த நேரத்துக்கு வண்டி கிடையாது. கடற்கரை வழியாக மூன்று மைல் இருக்கும். மணலில் கால் புதைய, பெட்டியை இடுப்பு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடந்தேன். பாதி தூரத்தில் செருப்பு அறுந்தது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள், நாசரேத்துப் பிள்ளை ரேடியோவைத் திருடிக்கொண்டு ஓடுகிறது என்று சிரித்தார்கள். உண்மையில் அதற்குக் கிட்டத்தில்தான் என் நிலைமையும் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறரைக்குக் கொஞ்ச நேரமே பாக்கி இருந்தது. இன்னாசியம்மாள் மாடத்தின் முன்னால் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். பாட்டரி நான் விட்டுப் போன இடத்திலேயே இருந்தது. என்னையும் என் காலையும் பார்த்தவர், செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். இரண்டு பேருமாகக் கம்பிகளை இணைத்தோம். பெட்டியைப் பழைய இடத்திலேயே, விளக்கை ஒட்டி, நானே வைத்தேன். என் விதிப்புத்தகத்தில் முதல் விதியை நானே மீறியது அப்போதுதான். திருகைத் திருப்பிக் குரல் வரும்போது பாட்டின் முதல் அடி தொடங்கிவிட்டிருந்தது. நான் அந்த வீட்டில் முதல் முறையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மாதாவைக் கும்பிடவும் இல்லை, கும்பிடாமல் நிற்கவும் இல்லை. பாட்டுக் கேட்டேன்.

அன்று பஸ் இல்லாததால் அங்கேயே தங்கினேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, காலுக்கு விளக்கெண்ணெயும் கொடுத்தார். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "பசியில வந்த கோவம்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அதன் பிறகு நோட்டில் எழுதாதவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த நாளில் விளக்கில் எண்ணெய் தீர்ந்தது, எப்போது காற்றடித்து அணைந்தது, தோணி புறப்பட்ட நாள், திரும்பிய நாள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். காயல்பட்டினத்தில் எழுத்துப் புரியாததால் உட்கார்ந்து கேட்டேன். இங்கே எழுத்துப் புரிந்ததால் கேட்காமல் விட்டேன். உங்களுக்கு நான் சொல்ல நினைத்த புத்தி இவ்வளவுதான். இதைத் தேர்வுக்குப் படிக்க வேண்டாம்.

பேராசிரியருக்கு நடந்ததை ஒளிக்காமல் எட்டுப் பக்கம் எழுதினேன். என்னை விலக்கிவிடுவார் என்றே பயந்தேன். வந்த பதிலில் மூன்று வரிகள் இருந்தன. இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கொள். நான் ஆசைப்பட்ட வளைவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மாளிடம் என் வணக்கத்தைச் சொல். பேராசிரியரிடம் பத்து வருஷம் படித்திருந்தாலும் அந்த மூன்று வரிகளில் கற்றதற்குமேல் கற்றிருக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் தூத்துக்குடியில் ஒரு வீட்டிலும் லாத்தா வீட்டிலும் பழுது பார்த்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்தேன். மற்ற இரண்டு வீடுகளில் வைக்கவில்லை. மழைக்காலம் முழுக்க விளக்கு வைத்த பெட்டிகள் பேசின, வைக்காதவை செத்தன. என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் அதுதான். 'அறிவுரைக்கு மாறாக வைக்கப்பட்ட ஒரு கருவியிலிருந்து இது தெரியவந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதி, யார் வைத்தது என்று பெயரையும் போட்டேன்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஆய்வேட்டில் எழுத முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு உரியவர்கள் இருவரும் இப்போது இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் வருஷம் ஆனி மாதத்தில் தண்டல் வீட்டில் இருந்தார். நான் அளந்து முடித்ததும், பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று என்னோடு நடந்து வந்தார். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். ஊர் எல்லை வந்ததும் நின்றார்.

"கொழும்புத் தேத்தண்ணிக் கடை ரேடியோ போன வருஷம் வாடைக் காத்துலேயே செத்துப்போச்சு, டீச்சரம்மா. அங்கன நான் பாட்டுக் கேட்டு வருஷமாகப் போவுது. ஆறரை ஆனா தோணியில பாய்க்கட்டுப் பக்கம் சும்மா உக்காந்துக்கிடுவேன். அவகிட்டச் சொன்னா அவளும் கேக்க மாட்டா. சொல்லிராதீங்க."

நான் மணலில் மூன்று மைல் நடந்தேனே, அன்றைக்கும் அந்தப் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உண்மையை ஒளிக்கக் கூடாது என்று ஓராண்டாக எல்லாரையும் படுத்தி எடுத்தவள் நான். இன்னாசியம்மாளிடம் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, வழக்கமாக எந்தப் பாகம் முதலில் கெடும் என்பது இப்போது எனக்குத் தெரியும் என்பதால், அதே பாகம் இரண்டை மெழுகுக் காகிதத்தில் சுற்றித் தண்டலிடம் கொடுத்தேன். கொழும்பில் பழுது பார்க்கிறவரிடம் காட்டி மாற்றச் சொல்லுங்கள், கடைக்காரரைப் பெட்டி பக்கத்தில் ஒரு விளக்கு வைக்கச் சொல்லுங்கள் என்றேன். ஆவணியில் அவர் அவற்றை மடியில் முடிந்துகொண்டு தோணி ஏறினார்.

கடைசியாக நான் மணப்பாட்டுக்குப் போனது தை மாதம். பெட்டியை எடுத்துக்கொண்டு போக வரவில்லை, உங்களுக்கே இருக்கட்டும் என்று சொல்லத்தான் போனேன். இன்னாசியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நோட்டை நீட்டினார். நான் புரட்டிக்கொண்டிருக்கும்போது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"இப்பத்தான் டீச்சரம்மா அவுக பாட்டச் சரியாச் சொல்லுதாக. நடுவுல ஒரு வருஷமா, என்ன பாட்டு வச்சான்னு கேட்டா வாய்க்கு வந்ததச் சொல்லிக்கிட்டு இருந்தாக."

அப்போதே அவரிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா அவுக இன்னொரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கும்லா. கேக்காட்டி என்ன, அந்த நேரத்துக்கு எங்கனயாவது சும்மா உக்காந்திருப்பாக. எனக்கு அது போதும்."

எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, பஸ் போனால் போகட்டும் என்று ஆறரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.